கல்லுடைக்கிற பாட்டும் அதன் பங்காளிகளும்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். மேடையில் முப்பத்துநான்கு வருடம் டிரம்ஸ் வாசித்தவனுக்குச் சொல்ல விஷயமா இல்லை என்பது அவர் வாதம். விஷயம் இருக்கிறது, சொல்லத்தான் பயமாக இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கை நடுங்குகிறது, எழுத்து கோணல்மாணலாக வருகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு சொல்லித் தட்டிக்கழித்தேன்.

போன மாதம் அருப்புக்கோட்டையில் நடந்த கூட்டத்தில் என் சாக்கெல்லாம் தீர்ந்துபோனது. இப்போது நல்ல பெயரோடு வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு டிரம்மர் தன் செல்போனில் புதிதாக வந்த ஒரு செயலியைக் காட்டினார். ஏதாவது ஒரு பாட்டைப் பத்து விநாடி கேட்க விட்டால், அதைப் போலவே இருக்கும் மற்றப் பாட்டுகளை அது வரிசையாகக் காட்டுமாம். பழைய ராக் பாட்டு ஒன்றைப் போட்டார். திரையில் அதன் சொந்தபந்தமெல்லாம் வந்து நின்றது. “அண்ணே, உங்க மாஸ்டர் நோட்டுப் போட்டு வருசக்கணக்கா பாத்த வேலைய இது கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள பாத்துருதுண்ணே” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து யாரோ ஒரு மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் டிரம்ஸ் பழகிய கதையை நீட்டப் போவதில்லை. விசைத்தறியில் வேலை பார்த்தவன் என்பதால், தறிச் சத்தத்தில்தான் தாளம் கற்றேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அது சுத்தப் பொய். தறிச் சத்தம் காதைச் செவிடாக்கும், அவ்வளவுதான். மதுரையில் ஒரு பேண்டு செட்டில் எடுபிடியாக ஒன்றரை வருடம் இருந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர்கள் டிரம்மைத் திருட்டுத்தனமாக அடித்துப் பழகினேன். பிறகு ஊருக்கே திரும்பி ஜபருல்லா மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன்.

மாஸ்டர் அருப்புக்கோட்டைக்காரர். இளம் வயதில் வளைகுடாவுக்குப் போய் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடம் சர்வராக இருந்தவர். அந்த ஹோட்டலில் தினமும் சாயங்காலம் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காக ஒரு குழு ராக் பாட்டு வாசிக்குமாம். இவர் தட்டைத் தூக்கிக்கொண்டே கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல் அந்தக் குழுவின் கீபோர்டுக்காரரைச் சிநேகம் பிடித்து வாசிக்கவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் துணிமணியும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு கீபோர்டும் இரண்டு பெட்டி நிறையக் கேசட்டும் கொண்டுவந்தார். மூன்று மாதம் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கேசட்டுகளால்தான் எங்கள் குழுவுக்குத் தனிப் பெயர். ஒவ்வொரு கச்சேரியிலும் ஒன்றோ இரண்டோ ‘இங்கிலீசுப் பாட்டு’ இருக்கும். ராக் என்ற சொல் அப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் அந்தப் பாட்டுகளின் பெயர் வாயில் நுழையாது. அதனால் மாஸ்டரே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். ரயில் பாட்டு, பால்காரன் பாட்டு, பாலைவனப் பாட்டு, கல்லுடைக்கிற பாட்டு என்று.

வியாழக்கிழமை மத்தியானம் மாஸ்டர் வீட்டு மாடியில் கூடுவோம். ஒரு கேசட்டை எடுத்து ஒரு பாட்டை மூன்று தடவை போடுவார். முதல் தடவை அடியில் ஓடும் பேஸ் கிதாரை மட்டும் கேட்க வேண்டும். இரண்டாம் தடவை கார்டு, அதாவது கீபோர்டில் கூட்டாக அழுத்தும் சுரங்கள் எந்த வரிசையில் மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். மூன்றாம் தடவைதான் பாடுகிறவன் வாயைக் கேட்கலாம். அதற்கு முன்னால் பாட்டை ரசித்துத் தலையாட்டினால் அவருக்குப் பிடிக்காது. மூன்று தடவையும் முடிந்ததும், “சரி, குடும்பம் சொல்லுங்க” என்பார்.

குடும்பம் என்பதுதான் அவருடைய முறை. ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு வீடு. ஒரே கார்டு வரிசையில், ஒரே சாயல் மெட்டில் ஓடும் பாட்டுகள் எல்லாம் ஒரு வீட்டுப் பங்காளிகள். கார்டு ஒன்றாக இருந்து மெட்டு வேறானால் மாமன் மச்சான். பங்காளிப் பாட்டு இரண்டைக் கச்சேரியில் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. வைத்தால், “அடிச்சதையே அடிக்கிறானுக” என்று கூட்டம் எழுந்து டீக்குடிக்கப் போய்விடும். மாமன் மச்சான் பாட்டுகளை ஒட்டி வைக்கலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தமில்லாமல் தாவலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த நோட்டில் ஒரே வீட்டில் இருந்த பாட்டுகள் பெரும்பாலும் நாலைந்து வருட இடைவெளிக்குள் வந்தவை. வேறு வேறு குழுக்கள், வேறு வேறு ஊர்கள்.

“ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தன் திருடிருக்கான் மாஸ்டர்” என்று ஒரு முறை சொன்னேன்.

“திருட்டுன்னு சொல்லாதீங்க தங்கம். ஒரே மழைக்கு ரெண்டு காட்டுலயும் மொளச்சிருக்கு. எவன் வெதைச்சான்னு நாம எதுக்குக் கேக்கணும்?” என்றார். தங்கம் என்பது நான்தான், தங்கவேலு.

டிரம்ஸ் அடிப்பவனான எனக்கு அந்த நோட்டில் ஒரு மனக்குறை உண்டு. தாளத்துக்கு அதில் இடமே கிடையாது. கேட்டால், “தாளம் இரவல் நகை மாதிரி. ஒரு விசேசத்துக்கு வாங்கிப் போட்டுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துருவாக. கழுத்துல கெடக்குற நகைய வச்சுக் குடும்பம் சொல்ல முடியுமா?” என்பார். மறுத்துப் பேசும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பிடிக்காததை யாராவது சொன்னால் கீபோர்டில் இருந்து வலதுகை ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார். அவ்வளவுதான், வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த விரலுக்கு நான் பயந்த அளவுக்கு என் அப்பாவின் பெல்ட்டுக்குக்கூடப் பயந்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். கருப்பசாமி கோயில் பொங்கல், கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. மத்தியானம் மூன்று மணிக்கு, டிராக்டர் டிரெய்லரை மேடையாக்கி எங்கள் கச்சேரி. அங்கே முதல் முறை போயிருந்தோம். கல்லுடைக்கிற பாட்டை எடுத்தோம். அந்தப் பாட்டின் உயிரே டிரம்ஸில்தான் இருக்கிறது. காலால் இரண்டு அடி, தரையில் நிற்கும் பெரிய டிரம்மில் கையால் மூன்று அடி, அப்புறம் அரை மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடம் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. அடுத்த அடி எப்போது விழும் என்று கேட்கிறவன் உடம்பு தானாக முன்னால் சாயும்.

அன்று நாலாவது முறை அந்த வெற்றிடம் வந்தபோது, கூட்டத்தில் இருந்து ஓர் ஆள் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். முத்திருளு என்று பெயர், அந்தக் கோயில் சாமியாடிகளில் ஒருவர். கண் செருகியிருந்தது. யாரோ காற்றில் தூக்கி எறிந்ததைப் போல ஆடினார். பெண்கள் குலவையிட்டார்கள். “வெள்ளக்காரன் பாட்டுக்கே எறங்குதுடா நம்ம கருப்பு!” என்று இளவட்டங்கள் குதித்தார்கள். ஊருக்கு அதில் அவ்வளவு பெருமை. மாஸ்டருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். எனக்கு மட்டும் பயமாக இருந்தது. நான் அடித்து ஒருவர் மேல் சாமி வந்தது அதுதான் முதல் தடவை.

மறு வருடமும் அதே நாளுக்கு எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அந்த இங்கிலீசுப் பாட்டு கட்டாயம் வேண்டும் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிரெய்லரில் டிரம்மை முறுக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி மோர்ச் சட்டியோடு வந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்து முடித்தும் நகரவில்லை. நானும் மாஸ்டரும் மட்டும் இருக்கும் பக்கமாக வந்து நின்றாள்.

“அண்ணே, நான் முத்திருளு மக பாண்டிச்செல்வி. போன வருசம் எங்கப்பா எந்திரிச்சு ஆடுனாகளே, அந்தப் பாட்ட இன்னைக்கி அடிக்காதீக.”

“ஏம்மா, ஊரே அதத்தான கேக்குது?” என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அப்பாவுக்கு நெஞ்சக் கிழிச்சு ஆபரேசன் பண்ணிருக்குண்ணே. ஆடுனா உசுருக்கு உத்தரவாதமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஊருல யாருக்கும் தெரியாது. அப்ப மதுரையில அத்த வீட்டுல இருக்காகன்னு சொல்லி வச்சிருந்தோம்.”

“ஊர்ல சொல்லிட்டா என்னம்மா?” என்று மாஸ்டர் கேட்டார்.

“கத்தி பட்ட ஒடம்புல சாமி எறங்காதும்பாகய்யா. எங்க வீட்டு உரிமையப் புடுங்கிப் பங்காளி வீட்டுக்குக் குடுத்துருவாக. சாமி விட்டுட்டுப் போன வீடுன்னு பேராகிப் போகும். கோயிலு சாமியாட்டம் நாலு வீட்டுக்கு மொற வச்சு வரும். எங்க மொற போன வருசத்தோட முடிஞ்சுச்சு. இனிமே மூணு வருசத்துக்கு அப்பா எந்திரிக்க வேண்டியதில்ல. உங்க பாட்டு ஒண்ணுதான் பயமா இருக்கு.”

மாஸ்டர் எப்போதும் செய்வதைப் போல ஈரத்துணியால் கீபோர்டை ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தார். பிறகு நிகழ்ச்சித் தாளை எடுத்து, பென்சிலால் கல்லுடைக்கிற பாட்டின் மேல் ஒரு கோடு போட்டார். கொஞ்சம் யோசித்து அதன் பக்கத்தில் பாலைவனப் பாட்டு என்று எழுதினார். “நிம்மதியாப் போங்கம்மா. அத நாங்க தொட மாட்டோம்” என்றார். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு உடனே உறைத்தது. பாலைவனப் பாட்டு மெதுவாக, தாலாட்டைப் போலத்தான் ஆரம்பிக்கும். ஆனால் இரண்டாவது சரணம் முடிந்ததும் அதன் டிரம்ஸ் எங்கே போகும் என்று என் கைக்குத் தெரியும். காலால் இரண்டு, கையால் மூன்று, அரை மூச்சு.

“மாஸ்டர், அதுல ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் டிரம்ஸு…”

விரல் உயர்ந்தது. “வேற குடும்பம் தங்கம். கார்டும் சேராது, மெட்டும் சேராது. நோட்டுல பாத்தாச்சு.”

வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு இதை எழுதும்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த விரலைத் தாண்டி ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். பேசவில்லை. அந்த இடம் வரும்போது வேறு சாதாரணத் தாளம் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கச்சேரி தொடங்கியது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடியதில் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மஞ்சளாக நின்றார்கள். முத்திருளு வேப்பமரத்து நிழலில் இரும்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, அதன் மேல் துண்டை மார்போடு சுற்றியிருந்தார். அந்த வெயிலில் வேறு யாரும் அப்படி இல்லை. பாட்டு ஒவ்வொன்றாகக் கழிந்தது. இங்கிலீசுப் பாட்டு எங்கே என்று இளவட்டங்கள் கத்த ஆரம்பித்தார்கள். மாஸ்டர் பாலைவனப் பாட்டை எடுத்தார்.

இரண்டாவது சரணம் முடிந்தது. நான் நினைத்தபடியே சாதாரணத் தாளத்தைப் போட்டேன். நாலு சுற்றுப் போட்டிருப்பேன். பாட்டு சப்பென்று ஆகிவிட்டது. “ஏலே, ஒழுங்கா அடிறா!” என்று கீழேயிருந்து ஒரு குரல். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் டிரெய்லர் மேலேயே கால் வைத்தான். மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். எதற்காகப் பாட்டைக் கெடுக்கிறாய் என்ற பார்வை. விரல் உயர்ந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. கை தானாக வழக்கமான இடத்துக்குப் போய்விட்டது. காலால் இரண்டு, கையால் மூன்று, அரை மூச்சு.

முதலில் கூட்டத்தின் தலைகள் திரும்பின. மொத்தமும் வேப்பமரத்தின் பக்கம் திரும்பியது. இரண்டாவது சுற்றில் முத்திருளு எழுந்தார்.

குலவைச் சத்தம் காதை அடைத்தது. பாண்டிச்செல்வி தன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கும்பிட்டுவிட்டுப் போன அதே கைகள் தலைமேல் இருந்தன. என் பயத்தை எப்படிச் சொல்வது? குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சாமி இறங்கி ஆடும்போது அடியைப் பட்டென்று நிறுத்தக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். நிறுத்தினால் ஆடுகிறவர் உயிர் அப்படியே நின்றுவிடும் என்பார்கள். நிறுத்தினால் அவர் போய்விடுவார், அடித்துக்கொண்டே இருந்தால் அவர் இதயம் வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

கோயில் மேளக்காரர்கள் வந்த சாமியை மலையேற்றி அனுப்பும்போது என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். அதையே செய்தேன். முதலில் அந்த அரை மூச்சு வெற்றிடத்தில் சிம்பல் தட்டை லேசாக, மழைத்தூறல் அளவுக்கு இழுத்துவிட்டேன். உடம்பு முன்னால் சாய இடம் இல்லாமல் அடைக்க வேண்டும். பிறகு கையால் அடிக்கும் மூன்றில் ஒன்றைக் குறைத்தேன். பல சுற்று அப்படியே ஓட்டி, அப்புறம் இன்னொன்றைக் குறைத்தேன். மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முகம் வெளுத்துப்போனது. மெட்டை விட்டுவிட்டு ஒரே கார்டை அழுத்திப் பிடித்தபடி, என் கையைப் பார்த்து வாசித்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பின்தொடர்ந்தது அன்று மட்டும்தான்.

என் கண் முத்திருளுவின் கால்களை விட்டு நகரவில்லை. கால் தளர்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த அடியைக் குறைத்தேன். அவர் கால் தளரவே இல்லை. நான் எவ்வளவு மெதுவாக அடித்தாலும் அதற்குத் தகுந்தபடி ஆடினார். இரண்டு கையாலும் மார்புத் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. ஒரு யுகம் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசியில் காலால் அடிக்கும் அடி ஒன்று மட்டும் மிச்சமிருந்தபோது யாரோ அவர் நெற்றியில் திருநீறு பூசினார்கள். நான் அடியை நிறுத்தினேன். அவர் உட்கார்ந்தார், சரிந்தார். உதடு நீலமாக இருந்தது. வெயில் மயக்கம் என்று ஊர் சொன்னது. பாண்டிச்செல்வி ஒரு காரைப் பிடித்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் நானும் மாஸ்டரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துக்கொண்டார் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் நின்று, “அண்ணாச்சி, மன்னிச்சிருங்க” என்றேன்.

முத்திருளு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. “தம்பி, நேத்து எனக்குச் சாமி வரல.”

எனக்குப் புரியவில்லை.

“போன வருசம் வந்துச்சு, நெசமா வந்துச்சு. நேத்து வரல. நீங்க அந்த அடிய ஆரம்பிச்சதும் ஊரு மொத்தமும் திரும்பி என் மூஞ்சியப் பாத்துச்சு. நான் ஒக்காந்தே இருந்தா என்ன நெனப்பாக? சாமி ஏன் வரலன்னு கேப்பாக. அப்பறம் சட்டையக் கழத்தச் சொல்லுவாக. அதான் எந்திரிச்சேன்.”

“எந்திரிச்சவுக செத்த நேரத்துல ஒக்காந்துருக்கலாம்ல?” என்று கேட்டேன். “ஏன் அவ்வளவு நேரம் ஆடுனீக?”

“நீங்க அடிச்சுக்கிட்டே இருந்தீகளே தம்பி. அடி ஓடும்போது சாமி எப்படி மலையேறும்? எப்படா நிறுத்துவீகன்னு உங்க கையவே பாத்துக்கிட்டு ஆடுனேன்.”

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு அடித்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு ஆடினார். இருவரில் ஒருவர் துணிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கிளம்பும்போது முத்திருளு ஒன்று கேட்டார். “அந்த அடி வேற எந்தெந்தப் பாட்டுல இருக்குன்னு எழுதிக் குடுங்க தம்பி. யாரு கச்சேரிக்கு வந்தாலும் செல்வி முன்கூட்டியே குடுத்துரும். எங்க மொற வர்றதுக்குள்ள ஒடம்பத் தேத்திக்கிருவேன்.”

வெளியே வந்ததும் மாஸ்டர் சொன்னார், “ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே தங்கம். தாளத்த நகைன்னு நெனச்சேன்.” அதற்குப் பிறகு அவர் என் முன்னால் விரலைத் தூக்கவே இல்லை.

மூன்று வாரம் மாடியிலேயே கிடந்தோம். இரண்டு பெட்டிக் கேசட்டையும் முதலில் இருந்து போட்டோம். இந்த முறை டிரம்ஸை மட்டும் கேட்டோம். முதல் நாள் ஐந்து பாட்டில் அந்த அடி கிடைத்தது. இரண்டாம் வாரத்தில் இருபதைத் தாண்டியது. எங்கேயோ குளிர் நாட்டில் ஒருத்தன் அடித்ததை அடுத்த ஊர்க்காரன் கேட்டிருக்கிறான். அவன் அதில் ஒரு அடியை மாற்றியிருக்கிறான், மூன்றாமவன் அதை வேகமாக்கியிருக்கிறான். நாலைந்து வருடத்துக்குள் அது எல்லார் வீட்டுக்குள்ளும் புகுந்திருக்கிறது. மாஸ்டர் நோட்டில் வேறு வேறு பக்கத்தில் இருந்த பாட்டுகள் எல்லாம் இந்தக் கணக்கில் ஒரே வீடு. ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க எனக்குப் பயம்தான் கூடியது. சாப்பிட உட்கார்ந்தால்கூட விரல் அந்த அடியைத் தட்டில் போட்டது. கடைசியில் முப்பத்தொரு பாட்டு. அசல் ஆங்கிலப் பெயரையும் நாங்கள் வைத்த பெயரையும் சேர்த்து, எந்தக் குழுவுக்கும் புரியும்படி தெளிவாக எழுதினேன். மாஸ்டர் இரண்டு முறை சரிபார்த்தார். நானே பஸ்ஸில் போய்ப் பாண்டிச்செல்வி கையில் கொடுத்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு அன்று வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருடம் அந்த ஊர் எங்களைக் கூப்பிடவில்லை. பாட்டைக் கெடுத்துவிட்டோம் என்று கமிட்டிக்குக் கோபம். வேறொரு குழு போனது. மஞ்சள் நீராட்டு முடிந்து மூன்றாம் நாள் எங்களுக்குச் செய்தி வந்தது. முத்திருளு ஆடிக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டார். இந்த முறை ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

மாஸ்டர் வர மறுத்துவிட்டார். நான் மட்டும் போனேன். அந்தக் குழுவின் டிரம்மரைக் கண்டபடி திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். எழுதிக் கொடுத்ததைக் கூடப் படிக்கத் தெரியாதவனா என்று கேட்க வேண்டும்.

பாண்டிச்செல்வி வீட்டுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். நான் கொடுத்தபடியே நாலாக மடித்திருந்தது.

“குடுத்தியாம்மா?” என்று கேட்டேன்.

“குடுத்தேண்ணே. நல்ல மனுசங்க. முழுக்கப் படிச்சுப் பாத்தாக. ‘எதுக்கும்மா வம்பு, இன்னைக்கி இங்கிலீசுப் பாட்டே வேணாம்’னுட்டாக. சொன்ன மாதிரியே இதுல இருக்குற ஒண்ணக்கூட அடிக்கலண்ணே.”

“அப்பறம் எதுக்கு ஆடுனாரு?”

“சினிமாப் பாட்டு ஒண்ணு அடிச்சாக. ஊரு திரும்பி அப்பாவப் பாத்துச்சு.”

எந்தப் பாட்டு என்று கேட்டேன். சொன்னாள். அவள் குரலில் என் மேல் கோபம் துளியும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அதே அடி இருக்கும் அந்தப் பாட்டை நான் ஒரு வருடத்துக்கு மேலாகக் கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரம்கூட இரண்டு இடத்தில் வாசித்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதியபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. நம்ம பாட்டுத்தானே என்று இருந்துவிட்டேன்.